மணல்மேல் நிற்கும் அணைகள்

சிவில் பொறியியல் படிக்கப் போவதாக ஒரு மாணவர் சொன்னால் நம் மனக்கண்முன் தோன்றுவது யாது? செங்கல், சிமெண்டு, இரும்புக் கம்பி. “வீடு கட்டுவதற்கு நான்கு வருடப் படிப்பா சார்?” என்று என் இயற்பியல் வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். அவருக்குச் சொன்ன விடையை உங்களுக்கும் சொல்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து சென்னை செல்லும் சாலையில், கொள்ளிடத்தின்மீது இருக்கிறது அணைக்கரை. அங்குள்ள கீழணை 1836-இல் கட்டப்பட்டது. வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கு நீர் பிரிவது இங்கேதான். அணை என்றதும் மலைகளுக்கிடையே பாறையின்மேல் எழுந்த மேட்டூர் அணை நினைவுக்கு வரலாம். நம் ஆற்றுப் படுகையிலோ தோண்டத் தோண்ட மணல்தான். கல்லணையும் கீழணையும் அந்த மணலின்மேல்தான் நிற்கின்றன.

கல்லணையைக் கட்டியவர்கள் பெருங்கற்களை ஆற்றில் இட்டார்கள். அடிமணலை நீர் அரித்தது; கல் இறங்கியது. அதன்மேல் மேலும் கல் அடுக்கினார்கள். கீழே இறங்கிய கற்களே அடித்தளமாயின. மேலணையையும் கீழணையையும் அமைத்த ஆர்தர் காட்டன், ஆழம் காண இயலாத மணலில் அடித்தளமிடும் முறையை இவர்களிடமிருந்தே கற்றதாக எழுதியிருக்கிறார்.

மணலில் அப்படி என்ன ஆபத்து? அணையின் மேல்பக்கம் நீர்மட்டம் உயரம், கீழ்ப்பக்கம் தாழ்வு. இந்த வேறுபாட்டால் நீர் அணைக்கு அடியிலுள்ள மணலுக்குள் புகுந்து, மறுபக்கத்தில் மேல்நோக்கி ஊறி வெளிவருகிறது. வெளிவரும்போது மணலைத் தூக்கப் பார்க்கிறது. ஒரு சிறு கணக்கு போடுவோம். ஒரு கன மீட்டர் மணலில் ஏறத்தாழ 0.6 கன மீட்டர்தான் மணிகள், மற்றது இடைவெளி. மணியின் அடர்த்தி நீரைப் போல் 2.65 மடங்கு. ஆகவே மணிகளின் எடை சுமார் 1,590 கிலோ. நீரில் மூழ்கினால் ஆர்க்கிமிடீசு விதிப்படி 600 கிலோ குறையும். மிச்சம் 990 கிலோ, அதாவது கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர் நீரின் எடை! எனவே ஒரு மீட்டர் மணலைக் கடக்க ஒரு மீட்டர் நீரழுத்தம் செலவாகுமானால் மணல் எடையற்றதாகி, கஞ்சிபோல் கொதிக்கும். மணிகள் ஒவ்வொன்றாக வெளியேற, அணைக்கு அடியில் குழாய்போல் வழி உண்டாகும்.

வீட்டிலேயே பார்க்கலாம். அடியில் துளையிட்டு ரப்பர் குழாய் பொருத்திய புட்டியில், துணி விரித்து ஈர மணலை நிரப்பி, மேலே ஒரு கல்லை வையுங்கள். குழாயின் மறுமுனையில் புனல் வைத்து, நீரூற்றியபடியே அதை உயர்த்துங்கள். ஒரு கட்டத்தில் கல் ‘மளுக்’கென மூழ்கிவிடும்.

கங்கையின் நரோரா அணைக்கட்டு 1898-இல் இவ்வாறு அடிமண்ணில் ஊறிய நீரால்தான் உடைந்தது. அடியில் நீர் கடக்கும் தொலைவை நீட்டினால் ஆபத்து குறையும் என்று 1910-இல் பிளை விதி வகுத்தார். தொலைவு மட்டும் போதாது, வெளிவரும் இடத்துச் சாய்வே முக்கியம் என்று 1936-இல் காட்டியவர் நம் நாட்டுப் பொறியாளர் ஏ.என். கோஸ்லா. நுண்மணலில் அந்தச் சாய்வு ஆறில் ஒன்று, ஏழில் ஒன்றுக்கு மேற்போகாதபடி கட்டவேண்டும். அதற்காகவே மண்ணுக்குள் ஆழமாகத் தடுப்புச்சுவர் இறக்குகிறார்கள்.

சிவில் மாணவர்கள் மண் விசையியலிலும் பாய்ம இயக்கவியலிலும் படிப்பது இதைத்தான். நில அளவை, நீரியல், கட்டமைப்புப் பகுப்பாய்வு ஆகியனவும் உண்டு. முதலாண்டில் இயற்பியலும் கணிதமும். அவற்றை அலட்சியம் செய்தவர்கள் பின்னர் திணறுவதைக் கண்டிருக்கிறேன்.

2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில், கொள்ளிடப் பகுதியின் 45 மதகுகளில் 9 மதகுகள் வெள்ளத்தில் இடிந்து வீழ்ந்தன. நம் வயல்களின் நீர் இத்தகைய அணைகளின் கையில் இருக்கிறது. ஆற்று மணலை அள்ள அள்ளப் படுகை தாழும். அணையின் கீழ்ப்பக்க நீர்மட்டமும் உடன் தாழ, நாம் கணக்கிட்ட சாய்வு கூடிவிடும். அள்ளிய மணல் எங்கே போகிறது? கான்கிரீட்டுக்கு! அதுவும் சிவில் பாடம்தான். கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டைச் சல்லடையில் சலித்து மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கிறார்களே, ஆற்று மணலுக்கு மாற்றாக அது எந்த அளவுக்கு உதவும் என்று அறியத்தான்.