பதினாலு நாள் இரவு

காலையில் போட்ட காப்பியைப் பத்து மணிக்கு எழுந்திருக்கும் விருந்தாளிக்காக ஆறாமல் வைத்திருக்க என்ன செய்கிறீர்கள்? பிளாஸ்கில் ஊற்றி மூடி வைக்கிறீர்கள். அதன் இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்று கிடையாது. ஆகவே சூடு எளிதில் தப்பிப் போவதில்லை. சந்திர மண்டலத்திலோ எங்குமே காற்று இல்லை. "அப்படியானால் அங்கே எந்தப் பொருளும் ஆறவே கூடாதே!" என்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காற்றே இல்லாவிட்டாலும், சூடான பொருள் தன் உஷ்ணத்தைக் கண்ணுக்குத் தெரியாத கிரணங்களாக வெளியே வீசிக்கொண்டே இருக்கும். பிளாஸ்கின் உள்ளே பளபளவென்று பூசியிருப்பது அந்தக் கிரணங்களைத் திருப்பி அனுப்பத்தான். சந்திரனில் இறங்கும் யந்திரங்கள் ஜரிகைப் புடவை சுற்றினாற்போல் மின்னுகின்றனவே, அதுவும் அலங்காரம் அல்ல. உலோகம் பூசிய மெல்லிய ஏடுகளை அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கிறார்கள்.

பகலில் கவலை இல்லை. சந்திரனில் ஒரு பகல் நம் கணக்கில் சுமார் பதினாலு நாள். 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி நம் சந்திரயான்-3 இறங்கியபோது அந்த இடத்தில் காலைப் பொழுது. முழுப் பகலும் கைக்குக் கிடைக்க வேண்டும் என்றே பார்த்து வைத்த முகூர்த்தம் அது! (திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர்.) விக்ரமின் சூரியத் தகடுகள் 738 வாட் மின்சாரம் தந்தன, உங்கள் வீட்டு மிக்ஸிக்கு ஏறக்குறைய சரியாக இருக்கும். அதிலிருந்து உருண்டு இறங்கிய 26 கிலோ பிரக்யானுக்கு வெறும் 50 வாட்.

பகலில் தரையின் சூடு சுமார் 70 டிகிரி என்றும், எட்டே சென்டிமீட்டர் ஆழத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி என்றும் விக்ரம் அளந்து சொல்லிற்று. அரைச் சாண் ஆழத்துக்குள் இத்தனை வித்தியாசம்!

பிறகு வருகிறது இரவு. அதுவும் பதினாலு நாள். பூஜ்யத்துக்குக் கீழே 200 டிகிரியை நெருங்கும் குளிர். தகடுகளுக்கு வெயில் இல்லை. பாட்டரி எத்தனை நாள் தாங்கும்? அது விறைத்துப்போகும். பற்றவைத்த கம்பிகள் சுருங்கி விரிசல் காணும்.

இதற்கு ரஷ்யர்கள் 1970-லேயே ஒரு வழி கண்டார்கள். லூனகோது என்ற அவர்கள் வண்டி, எட்டுச் சக்கரம் வைத்த பெரிய அண்டா மாதிரி இருக்கும். அண்டாவுக்கு மூடியும் உண்டு. மூடியின் உட்புறத்தில் சூரியத் தகடுகள். பகலில் மூடியைத் திறந்து வெயில் காயும். இரவில் இழுத்து மூடிக்கொண்டு தூங்கும். உள்ளே கணப்பாக இருந்தது பொலோனியம். மேரி கியூரி அம்மையார் தம் கணவருடன் 1898-ல் கண்டுபிடித்து, தாய்நாடான போலந்தின் பெயரைச் சூட்டினாரே, அதே பொருள்தான். நீறு பூத்த நெருப்பைப்போல் அது தானாகவே கனன்றுகொண்டிருக்கும். விறகும் வேண்டாம், ஊதவும் வேண்டாம். ஆனால் 138 நாளுக்கு ஒரு முறை அதன் வீரியம் பாதியாகிவிடும். அப்படியும் அந்த வண்டி சுமார் பத்து மாதம் உயிரோடிருந்து, பத்து கிலோமீட்டருக்கு மேல் ஊர்ந்தது. இப்போதெல்லாம் புளூட்டோனியம் வைக்கிறார்கள். அது பாதியாக 88 வருஷம் ஆகும். 2019-ல் சந்திரனின் மறுபக்கத்தில் இறங்கிய சீனக் கலம் அதை வைத்துக்கொண்டுதான் இரவுகளைக் கழித்தது.

விக்ரமுக்கு அந்தக் கணப்பு இல்லை. ஒரு பகல் வேலைக்கென்றே செய்த யந்திரம் அது. வேலையையும் குறையில்லாமல் முடித்தது. செப்டம்பர் 2-ல் பிரக்யானையும், 4-ல் விக்ரமையும் தூங்க வைத்தார்கள். பிரக்யானின் பாட்டரியை நிரப்பி, அடுத்த விடியலின் முதல் வெயில் படும்படி தகட்டைத் திருப்பி, செய்தி கேட்கும் கருவியை மட்டும் அணைக்காமல் விட்டார்கள். நம் வீட்டுப் பெண்களின் முன்யோசனை! செப்டம்பர் 22-ல் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. மீண்டும் கூப்பிட்டார்கள். அப்போதும் இல்லை.

நடக்காத காரியத்துக்கு ஆசைப்பட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 2024 ஜனவரியில் இறங்கிய ஜப்பானின் 'ஸ்லிம்' தலைகுப்புறச் சாய்ந்து நின்றது. அதற்கும் கணப்புக் கிடையாது. இரவைத் தாங்கும் என்று அதைச் செய்தவர்களே எதிர்பார்க்கவில்லை. அது மூன்று இரவுகளைக் கடந்து எழுந்து பேசியது!

விக்ரமின் மேல் அமெரிக்கர்கள் கொடுத்த சின்னஞ்சிறு கண்ணாடிக் கருவி ஒன்று இருக்கிறது. அதற்கு மின்சாரமும் வேண்டாம், கணப்பும் வேண்டாம். 2023 டிசம்பரில், சந்திரனைச் சுற்றிவரும் அமெரிக்கக் கலம் ஒன்று மேலிருந்து லேசர் ஒளியை வீசியது. கண்ணாடி அதை வாங்கி, வந்த வழியே திருப்பி அனுப்பிற்று.