அத்தைக்குத் துணை மணி

"வயசான காலத்துல மனுஷங்களைப் பார்க்கவே ஆள் இல்லை, இதுல நாய் வேறயா?" மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் நடந்த பெரிய பஞ்சாயத்து இது. பிள்ளைகள் வெளியூரில், பெரியவர்கள் மட்டும் சொந்த வீட்டில் என்று இருக்கும் குடும்பங்களில் இந்தப் பேச்சு எப்படியும் வரும். அதனால்தான் சகோதரிகளே, இதை எழுதுகிறேன்.

என் மாமியாருக்கு வயது 74. மாமா காலமான பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். "கடைசி வரைக்கும் இந்த வீடுதான்" என்பது அவர் கட்சி. நாங்கள் மதுரையில். மாதம் இரண்டு தரம் போய் வருவோம். போகும்போதெல்லாம் அவர் அடுப்படியைப் பார்த்தால் எனக்குப் பகீரென்று இருக்கும். காலையில் காபி, ஒரு பன். மதியம் மோர்ச்சாதமும் ஊறுகாயும். ராத்திரிக்கு அதுவும் கிடையாது. கேட்டால், "ஒத்தக்கட்டைக்கு என்னத்தப் பொங்குறது?" என்பார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் பேசுகிற பேச்சா இது!

அப்போதுதான் மணி வந்தது. தெருவில் வண்டி இடித்துக் கால் ஒடிந்து கிடந்த நாட்டு நாயை, பக்கத்து வீட்டுப் பையன்கள் கட்டுப் போட்டு அத்தை வீட்டுத் திண்ணையில் படுக்க வைத்தார்கள். கால் சரியான பிறகும் அது நகரவில்லை. என் கொழுந்தனார் போனிலேயே சத்தம் போட்டார். அத்தை பேர் வைத்துவிட்டார்.

இப்போது இரண்டு வேளையும் உலை கொதிக்கிறது. "வாயில்லா சீவன் பட்டினி கிடக்குமே" என்று பொங்குகிறவர், தானும் நேரத்துக்குச் சாப்பிடுகிறார். சர்க்கரை குறைந்ததா என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. வயிற்றில் சோறு விழுந்த பிறகுதான் மாத்திரை விழுகிறது என்பதே எனக்கு நிம்மதி. முன்பெல்லாம் போன் போட்டால், "நல்லா இருக்கேன், வச்சிரவா?" என்பதோடு சரி. இப்போது மணி எந்தப் பூனையைத் துரத்தியது, பால்காரரை எப்படி முறைத்தது என்று பத்து நிமிஷம் ஓடுகிறது. காலையில் மணியோடு தெருக்கோடி வரை நடக்கும்போது நாலு பேர் நின்று பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்து மருந்துக் கடையில் விற்காத மருந்து இது.

அமெரிக்காவில் 1980-ல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். இதய நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த 92 பேரை ஒரு வருடம் கவனித்தார்களாம். வளர்ப்புப் பிராணி இல்லாத 39 பேரில் 11 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். பிராணி வளர்த்த 53 பேரில் இறந்தது 3 பேர். பிராணி வளர்க்கிறவர்கள் முதலிலேயே கொஞ்சம் தெம்பானவர்களாக இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்டால் அதுவும் நியாயம்தான். அந்த ஊர் இதய மருத்துவர்கள் சங்கமே 2013-ல், பிராணி வளர்ப்பது நல்லதுதான், ஆனால் இதயத்துக்காக என்றே ஒன்றை வாங்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறது.

அத்தைக்கு ஒத்துக்கொண்டது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நானும் சொல்ல மாட்டேன். பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குட்டி நாயைப் பரிசாகக் கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போகும் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமே வரும். குட்டி கடிக்கும், ஓடும், காலுக்குள் வந்து தடுக்கும். எழுபது வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் யார் பார்ப்பது? எங்கள் பக்கத்து ராஜபாளையம் நாய் கம்பீரமானதுதான், ஆனால் அது வேட்டைக்கென்று வளர்ந்த ஜாதி. அது ஒரு இழுப்பு இழுத்தால் அத்தை தாங்குவாரா? நாய் முடியாதவர்களுக்கு மீன் தொட்டி போதும். ஆசைப்பட்டாலும் பச்சைக்கிளி மட்டும் வேண்டாம். 1972-ஆம் வருடத்து வன உயிரினச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வளர்ப்பது குற்றம்.

மணிக்கு வருடா வருடம் ரேபீஸ் தடுப்பூசி போடுகிறோம். தேதியை மாதக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இதில் பெரியவர்களிடம் ஒரு பிடிவாதம் உண்டு. நாய் கீறினால் மஞ்சளையோ சுண்ணாம்பையோ அப்பிவிட்டு, "ஒண்ணுமில்லடி" என்பார்கள். அதெல்லாம் கூடவே கூடாது. கடியோ கீறலோ, குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். இன்னொன்று, வெங்காயமும் பாயசத்தில் போடும் உலர்திராட்சையும் நாய்க்கு ஆகாது. மிச்சம் மீதியை அப்படியே வழித்து வைக்காதீர்கள்.

2024-ல் அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் என்று முடிவானது. "மணியை எங்க விடுறது?" என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டார். "நாய்க்காகக் கண்ணைக் கெடுத்துக்கிறீங்களா?" என்று கொழுந்தனார் குதித்தார். மதுரைக்கு வர இஷ்டமில்லாமல் மணியைச் சாக்கு சொல்கிறாரோ என்று எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டுமே, அவருக்கும் ஒரு சாக்கு வேண்டாமா? கடைசியில் பால் கறக்கும் அக்காவிடம் அரிசியும் செலவுக்குப் பணமும் கொடுத்து ஏற்பாடு செய்தோம். எங்கள் வீட்டில் இருந்த நாட்களில் தினமும் அந்த அக்காவுக்குப் போன் போட்டு, "அது காதுகிட்ட வை தாயி" என்று மணியோடு பேசிவிட்டுத்தான் அத்தை சாப்பிட உட்காருவார்.

ஊருக்குத் திரும்பும் அன்று பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கப்புறம் அதை யாரு பார்ப்பா?" என்று கேட்டார். "நாங்க பார்க்கிறோம் அத்தை" என்றேன். எங்களுடையது இரண்டாவது மாடி ஃபிளாட். சங்கச் செயலாளர் "நாய்க்கு அனுமதி இல்லை" என்றார். அப்படித் தடை போட முடியாது என்று பிராணிகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட சுற்றறிக்கையை என் கணவர் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை.

— ஒரு வாசகி, மதுரை.