ஆகுபெயர்

ஆகுபெயர் என்பது ஒரு பொருளுக்கு இயல்பாக உரிய பெயர், அப்பொருளைக் குறிக்காமல் அதனோடு தொடர்புடைய வேறொரு பொருளுக்குத் தொன்றுதொட்டு ஆகி வருவது ஆகும். ‘ஊரே திரண்டு வந்தது’ என்னும்போது நிலமும் தெருவும் நடந்து வரவில்லை. ஊரில் வாழும் மக்கள் வந்தனர். இடத்தின் பெயர் அங்குள்ளவர்களுக்கு ஆகி வந்தது.

இலக்கண நூல்களில்

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியலில் ஆகுபெயரைப் பற்றிப் பேசி, ஏழு வகைகளைக் குறிப்பிடுகிறது. பவணந்தி முனிவரின் நன்னூல் பெயரியலில் பதினைந்து வகைகளை வெளிப்படையாகச் சொல்கிறது. இவற்றோடு உவமையாகுபெயரையும் சேர்த்துப் பதினாறு என்று கற்பிப்பது இன்றைய வழக்கம்.

ஆகுபெயருக்கு இரண்டு அடிப்படைகள் உண்டு. முதலாவது தொடர்பு: முதலும் சினையும், இடமும் அங்குள்ளதும், கருவியும் அதனால் பிறப்பதும் போன்ற ஏதேனும் ஓர் உறவு இருக்க வேண்டும். இரண்டாவது வழக்கு: அந்தப் பயன்பாடு மக்களிடையே நெடுநாள் வழங்கியிருக்க வேண்டும். ‘பலா தின்றான்’ என்றால் பழத்தைத் தின்றான் என்று எவருக்கும் புரியும். ஆனால் இளநீரைத் தருவது தென்னையே ஆனாலும் ‘தென்னை குடித்தான்’ என்று யாரும் சொல்வதில்லை. தொடர்பு இருந்தும் வழக்கு இல்லாததால் அது ஆகுபெயர் ஆகாது.

வகைகள்

- பொருளாகுபெயர்: ‘முருங்கை சமைத்தாள்’. மரத்தின் பெயர் அதன் காய்க்கோ கீரைக்கோ ஆகி வந்தது. முழுப்பொருளின் பெயர் உறுப்புக்கு ஆவதால் முதலாகுபெயர் என்றும் பெயர்.
- சினையாகுபெயர்: ‘தலைக்கு ஒரு பழம்’. உறுப்பின் பெயர் முழு ஆளைக் குறித்தது.
- இடவாகுபெயர்: ‘வகுப்பு சிரித்தது’. வகுப்பில் உள்ள மாணவர் சிரித்தனர்.
- காலவாகுபெயர்: ‘டிசம்பர் சூடினாள்’. மாதத்தின் பெயர் அம்மாதத்தில் பூக்கும் பூவுக்கு ஆனது.
- பண்பாகுபெயர்: ‘இனிப்பு வழங்கினார்’. சுவையின் பெயர் அச்சுவையுடைய பண்டத்துக்கு ஆனது.
- தொழிலாகுபெயர்: பொங்கல், சுண்டல், அவியல், பொரியல், வறுவல், துவையல் ஆகிய உணவுப் பெயர்கள் யாவும் பொங்குதல், சுண்டுதல் போன்ற தொழில்களின் பெயர்களே.
- அளவையாகுபெயர்கள் நான்கு: ‘ஆளுக்கு இரண்டு போதும்’ (எண்ணல்), ‘ஒரு கிலோ கொடுங்கள்’ (எடுத்தல்), ‘அரை லிட்டர் வாங்கி வா’ (முகத்தல்), ‘மூன்று மீட்டர் வெட்டுங்கள்’ (நீட்டல்).
- சொல்லாகுபெயர்: ‘நூலுக்கு உரை எழுதினார்’. சொல்லைக் குறிக்கும் ‘உரை’ அதன் வழி விளங்கும் பொருள் விளக்கத்துக்கு ஆனது.
- தானியாகுபெயர்: ‘பாலை இறக்கி வை’. பாலின் பெயர் அது உள்ள பாத்திரத்துக்கு ஆனது.
- கருவியாகுபெயர்: ‘நாதசுவரம் கேட்டனர்’. கருவியின் பெயர் அதில் பிறந்த இசைக்கு ஆனது.
- காரியவாகுபெயர்: உணவாகிய கூழின் பெயரால் அதற்குக் காரணமான பயிரைக் குறிப்பது.
- கருத்தாவாகுபெயர்: ‘புதுமைப்பித்தனைப் படித்தேன்’. எழுதியவர் பெயர் அவர் எழுத்துக்கு ஆனது.
- உவமையாகுபெயர்: ‘பாவை வந்தாள்’. பாவையைப் போன்ற பெண்ணைக் குறித்தது.

ஒரே பெயர் பலமுறை மாறி வருவதும் உண்டு. ‘கார் அறுத்தனர்’ என்பதில் ‘கார்’ கருமையிலிருந்து மேகத்துக்கும், மேகத்திலிருந்து மழைக்காலத்துக்கும், அங்கிருந்து அக்காலத்தில் விளையும் நெல்லுக்கும் ஆகியுள்ளது. இது மும்மடியாகுபெயர் எனப்படும்.

மயக்கம் தரும் இடங்கள்

இடவாகுபெயரும் தானியாகுபெயரும் எதிரெதிர்த் திசையில் செல்பவை. இடத்தின் பெயர் அங்குள்ள பொருளுக்கு ஆனால் முதலாவது; உள்ளிருக்கும் பொருளின் பெயர் அதைத் தாங்கும் இடத்துக்கு ஆனால் இரண்டாவது.

அன்மொழித்தொகையிலும் சொல்லப்படாத ஒன்று விளங்கும். ஆனால் அது ஒரு தொகைத்தொடரின் புறத்தே பிறப்பது. ‘சிவப்புச்சட்டை வந்தார்’ என்பதில் ‘அணிந்தவர்’ என்ற பொருள் தொடருக்கு வெளியே மறைந்துள்ளது. ஆகுபெயரில் பெயரே பொருள் மாறி நிற்கிறது.

உருவகம் ஒப்புமையில் பிறப்பது. கவிஞர் புதிதாகப் படைக்கலாம். ஆகுபெயரில் பெரும்பாலானவை ஒப்புமையை நாடுவதில்லை. உவமையாகுபெயர் மட்டுமே இரண்டுக்கும் எல்லையில் நிற்கிறது.

அறிவதன் பயன்

ஆகுபெயர் பேச்சைச் சுருக்குகிறது. சுருக்கும்போது சிலவற்றை மறைக்கவும் செய்கிறது. ‘டெல்லி மறுத்தது’ என்ற செய்தித் தலைப்பில் மறுத்தவர் அமைச்சரா, அதிகாரியா, நீதிமன்றமா என்பது தெரிவதில்லை. முடிவுக்குப் பொறுப்பானவர் ஊரின் பெயருக்குப் பின்னால் நிற்கிறார். ‘தலைக்கு இவ்வளவு கூலி’ என்னும் கணக்கில் உழைப்பவர் எண்ணிக்கையாக மட்டும் மிஞ்சுகிறார்.

எனவே ஒரு சொற்றொடரில் ஆகுபெயரைக் கண்டால், அதன் வகையைச் சொல்வதோடு நிற்காமல் ‘இப்பெயர் இங்கு யாருக்கு அல்லது எதற்கு ஆகி வந்தது?’ என்று கேட்க வேண்டும். தேர்வில் வகையைச் சரியாக எழுதவும், செய்தியைத் தெளிவாகப் புரிந்துகொள்ளவும் இந்த ஒரு கேள்வி உதவும்.