கடுக்காய்த் துவர்ப்பு முழுதும் இறங்க நொதிகள் உதவுமா?

திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் ஜவ்வாது மலையில் கடுக்காய் முக்கியமான காட்டு விளைபொருள்களுள் ஒன்று. மலைவாழ் மக்கள் பொறுக்கி உலர்த்தும் இக்காயில் ஒரு பங்கு நாட்டு மருந்துக் கடைகளுக்குச் செல்கிறது. ஆனால் கடுக்காய்க்குப் பெரிய கிராக்கியை உண்டாக்கியது மருந்து அல்ல, தோல். மலைக்கு வடக்கே ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனத் தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக உள்ளன. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும். அதைத் தடுக்க, கடைசியில் கடுக்காய் நீரில் ஊறவைப்பது நம் பதனிடுவோர் கண்ட முறை.

பின்னர் குரோமியம் உப்பு வந்து மரப்பட்டை, கடுக்காய் ஆகியவற்றின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது. பாலாற்றங்கரையில் தோல் கழிவுகளால் நேர்ந்த கேட்டைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு வழங்கியதும், தாவரப் பதனிடலின்மீது மீண்டும் கவனம் திரும்பியிருப்பதும் பலர் அறிந்ததே. இந்நிலையில், காயில் உள்ள துவர்ப்பை வீணாக்காமல் எடுப்பது எப்படி என்பது மலையில் கூடை சுமப்பவருக்கும் பயன்படும் கேள்வி.

உலர்ந்த கடுக்காயில் 'டானின்' எனப்படும் துவர்ப்பொருள் சுமார் 30 சதவிகிதம் உண்டு. அது பெரும்பாலும் சதையில்தான் இருக்கிறது. கொட்டையில் மிகக் குறைவு. சதையை நுண்ணோக்கியில் பார்த்தால் சிறுசிறு அறைகளாகத் தெரியும். அந்த அறைகளுக்குள்தான் டானின் அடைபட்டுள்ளது. சுவர்கள் செல்லுலோஸினால் ஆனவை. சுவருக்கும் சுவருக்கும் இடையே பெக்டின் என்னும் பசை. வெந்நீரில் ஊறவைத்தால் ஓரளவு துவர்ப்பு இறங்கும், மீதி சக்கையோடு குப்பைக்குப் போகும். அதிக நேரம் கொதிக்க வைத்தாலோ, கடுக்காய் டானின் சிதைந்துவிடும் இனத்தைச் சேர்ந்தது.

இங்குதான் நொதிகள் உதவிக்கு வருகின்றன. பெக்டினேஸ் பசையைக் கரைக்கும். செல்லுலேஸ் சுவரை அரிக்கும். இவை புதியவை அல்ல. பழச்சாற்றைத் தெளியவைக்க 1930களிலிருந்தே பெக்டினேஸ் பயன்படுகிறது. திராட்சை மது தயாரிப்பவர்கள், பழத்தோலிலுள்ள நிறமும் துவர்ப்பும் நன்கு இறங்க இதே வகை நொதிகளைச் சேர்க்கிறார்கள்.

அப்படியானால் கடுக்காயிலும் ஒரு பொட்டலம் கொட்டினால் போதுமா? போதாது. தோலிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதுதான் டானினின் வேலை. நொதியும் ஒரு புரதமே! தோலைப் பதனிடும் அதே குணம் நொதியையும் கட்டிப்போட்டுவிடும். ஆகவே கடுக்காயை முதலில் நொதியின்றி வெந்நீரில் ஊறவைத்து, எளிதில் இறங்கும் துவர்ப்பை வடித்துவிட வேண்டும். மிஞ்சிய சதையில் நொதி நீரை ஊற்றினால் அது தடையின்றி வேலை செய்ய இடம் கிடைக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. டானேஸ் என்ற நொதி டானினையே உடைத்துக் காலிக் அமிலமாக மாற்றும். மருந்து, சாயத் தொழில்களுக்குக் காலிக் அமிலம் தேவைதான். தோலுக்கு அது உதவாது. பூஞ்சணத்திலிருந்து எடுக்கப்படும் சில பெக்டினேஸ் சரக்குகளில் டானேஸும் கலந்திருக்கும். வாங்கும்போது இதைக் கேட்டறிய வேண்டும். காசு கொடுத்து வாங்காமலே டானேஸ் வந்து சேரும் வழியும் இருக்கிறது: ஈரக் காயைக் குவித்து வைத்தால் கரும்பூஞ்சணம் பூக்கும். அது சுரப்பதும் டானேஸே. உயர்ந்த நொதி வாங்கும் முன், மலையடிவாரக் கிடங்கில் காய் பூசணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்வது அதிக ஆதாயம் தரும். காய்களைப் பழுத்துக் கனியும் முன், முற்றிய மஞ்சள் பருவத்தில் சேகரித்து, மெல்லிய அடுக்காகப் பரப்பி நிழலில் மூன்று நான்கு வாரம் உலர்த்துதல் நலம். ஒடுங்கிய, பூச்சி துளைத்த காய்களைத் தனியே ஒதுக்குக.

செய்முறை கடினமானதன்று. கொட்டையை நீக்கிச் சதையை ரவை பதத்தில் உடைக்க வேண்டும். மாவாக அரைத்தால் வடிகட்டும் துணி அடைத்துக்கொள்ளும். மரம், பிளாஸ்டிக் அல்லது எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. இரும்பு பட்டால் சாறு கறுத்துவிடும். (கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து முன்னோர் மை காய்ச்சியதை நினைவுகூர்க.) முதல் சாற்றை வடித்தபின், சதை மூழ்க நீர் ஊற்றி, 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் நொதியைக் கலந்து சில மணி நேரம் வைத்திருக்கலாம். கடுக்காய் நீர் இயல்பிலேயே புளிப்பானது. பூஞ்சண நொதிகளுக்குப் புளிப்பு ஒத்துவருவதால் பெரும்பாலும் அமிலம் தனியே சேர்க்க வேண்டியதில்லை. பிறகு சிறிது நேரம் சூட்டை ஏற்றி நொதியை முறித்துவிடுக. இந்த இரண்டாம் சாற்றை அடுத்த புதுக் காய்க்கு ஊற்றும் நீராகப் பயன்படுத்தினால் தண்ணீரும் மிச்சம், விறகும் மிச்சம்.

பலன் உண்டா என்று அறிவதில் பலர் ஏமாறக்கூடும். தோல் கிடங்குகளில் சாற்றின் கனத்தைப் பார்க்கோமீட்டரில் பார்ப்பது வழக்கம். நொதி, சுவர்களைக் கரைக்கும்போது சர்க்கரைப் பொருள்களும் சாற்றில் சேரும். பார்க்கோமீட்டர் டிகிரி ஏறும். டானின் அந்த அளவு ஏறியிருக்காது. தோல்தூளைக் கொண்டு செய்யும் சோதனையே உண்மையைச் சொல்லும். 1948இல் தொடங்கப்பெற்ற சென்னை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடத்தில் நொதியிட்ட சாறு, இடாத சாறு இரண்டையும் ஆய்ந்து ஒப்பிட்ட பிறகே முதல் போட வேண்டும். இந்நிலையத்து விஞ்ஞானிகள் கேளா ஒலி அலைகளைக் கொண்டும் கடுக்காய்ச் சாறு இறக்கும் முறையை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டுள்ளனர்.

தனி ஒருவர் வீட்டில் செய்து பார்க்கத்தக்க தொழில் இதுவன்று. நொதியின் விலை, சூட்டைச் சீராக வைக்கும் செலவு இரண்டும் கட்டுப்படியாக வேண்டுமானால் பல ஊர்க் காய்கள் ஓரிடத்தில் சேர வேண்டும். கூட்டுறவுச் சங்கமோ மகளிர் குழுவோ இறங்கினால் நடக்கும். அதுவரை சேகரிப்போர், கொட்டை நீக்கிய சதையைத் தரம் பிரித்து விற்கலாம். வாங்குபவர் சக்கையை வீசும் முன், அதைக் கொதிக்கவைத்த நீரில் உப்பிட்ட ஜெலட்டின் கரைசலைச் சில துளி விட்டுப் பார்க்கட்டும். நீர் வெண்மையாகத் திரிந்தால், துவர்ப்பு இன்னும் சக்கையில் இருக்கிறது.