கல்வெட்டில் இருக்கும் சேரி, சுற்றுலாக் கையேட்டில் இல்லை

கும்பகோணத்தில் தங்கிக் காவிரிப் படுகையைச் சுற்றிப் பார்க்க வருவோருக்கான பயணத் திட்டங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. நகருக்குள் ஆதி கும்பேசுவரர் கோயில், சாரங்கபாணி கோயில், மகாமகக் குளம், அருகிலேயே தாராசுரம், ஒரு நாள் தஞ்சைப் பெரிய கோயில், மறுநாள் வைத்தீசுவரன்கோயில் வழியாகத் தரங்கம்பாடிக் கடற்கரை, வாய்ப்பிருந்தால் மாலையில் ஒரு பரதநாட்டிய நிகழ்ச்சி அல்லது நாகசுரக் கச்சேரி. இந்த வழித்தடம் நெடுகிலும் தலித் மக்களின் வரலாறு பதிவாகியிருக்கிறது. அது எங்கும் புதைந்து கிடக்கவில்லை. கோயில் சுவரிலும், புராணத்திலும், இசைக்கருவியிலும், தேவாலய வரலாற்றிலும் வெளிப்படையாகவே இருக்கிறது. பயணிகளுக்குச் சொல்லப்படும் கதையில் மட்டும் அது இல்லை.

அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. அதற்கான ஏற்பாடுகளில் பொதுப்பணம் பெருமளவில் செலவிடப்படும். அந்தச் செலவில் யாருடைய வரலாறு எழுதப்படும் என்ற கேள்வியை இப்போதே எழுப்பியாக வேண்டும்.

பெரிய கோயில்: சுவர் சொல்வது

முதலாம் இராசராசன் கட்டி 1010இல் நிறைவுபெற்ற பெரிய கோயில், 1987இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. அங்குள்ள கல்வெட்டுகளுள் வழிகாட்டிகள் தவறாமல் குறிப்பிடுவது தளிச்சேரிப் பெண்டுகள் பற்றியது. ஆடல் மகளிர் நானூறு பேரின் பெயர், அவர்கள் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர்கள், அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட வீடு, பங்குக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல் என்னும் விவரங்கள் அதில் உள்ளன.

அதே கோயிலின் வேறு கல்வெட்டுகள், கோயிலுக்கு வருவாய் தர வேண்டிய ஊர்களின் நிலத்தைக் கணக்கிடுகின்றன. ஊரின் மொத்தப் பரப்பிலிருந்து வரி விதிக்கப்படாத நிலங்கள் கழிக்கப்படுகின்றன. ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணச்சேரி, வண்ணாரச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்களும் அந்தப் பட்டியலில் வருகின்றன. பறையருக்கெனத் தனிச் சுடுகாடும் குறிக்கப்படுகிறது.

இதன் பொருளை விளங்கிக்கொள்ள வேண்டும். தீண்டாமை பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்தது, சோழர் காலம் அதை அறியாது என்று கூறுவோருக்கு அந்தக் கோயிலின் கல்லே மறுப்பு. பறைச்சேரியில் வாழ்ந்தோருள் உழவுத் தொழிலாளரும் இருந்தனர் என்பதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. கோயிலுக்குச் சேர வேண்டிய நெல்லை விளைவித்த கைகளில் அவர்களுடைய கைகளும் உண்டு. எனினும் கணக்கில் அவர்களுடைய பெயர்கள் இல்லை. அவர்கள் குடியிருந்த இடம் மட்டும் கழிக்க வேண்டிய நிலமாகப் பதிவாகியுள்ளது.

நந்தி விலகியது, வாயில் திறந்ததா?

இரண்டாம் இராசராசன் கட்டிய தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் நாயன்மார் வரலாறுகள் சிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. அந்த அறுபத்து மூவருள் ஒருவர் ஆதனூர் நந்தன். வைத்தீசுவரன்கோயிலுக்கு அருகேயுள்ள திருப்புன்கூரில், வெளியே நின்ற நந்தனுக்குக் காட்சி தருவதற்காகச் சிவன் நந்தியை விலகச் சொன்னார் என்பது கதை. நந்தி விலகியிருப்பதைப் பயணிகளுக்கு இன்றும் காட்டுகிறார்கள்.

கதையை மறுபடி கவனித்துப் பார்த்தால், விலகியது நந்தி மட்டுமே. நந்தன் உள்ளே செல்லவில்லை. தில்லையில் உள்ளே செல்வதற்கு அவர் தீயில் இறங்க வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றியபோது, பெரியபுராணத்தில் இல்லாத பார்ப்பன நிலவுடைமையாளர் ஒருவரைப் பாத்திரமாக்கி, நந்தனைப் பண்ணையாளாகக் காட்டினார். டெல்டாவின் நிலவுறவு அந்தக் கற்பனையில் வெளிப்பட்டது. பண்ணையடிமை முறையின் கொடுமை எத்தகையது என்பதற்கு, கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரே சாட்சி.

சட்டம் கோயில் வாயிலைத் திறந்தது நந்தனுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் கோயில் நுழைவு அனுமதிச் சட்டத்தால். ஆயினும் 2023இல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித்துகள் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் வழிபடுவதை எதிர்த்துப் பூசல் மூண்டு, கோயிலுக்கே முத்திரை வைக்கப்பட்டது. பெருங்கோயில்களில் பயணிகள் காணும் தடையற்ற நுழைவை எல்லாக் கோயில்களின் நிலையாகக் கொள்ள முடியாது.

தோலும் இசையும்

நந்தன் செய்த தொண்டாகப் பெரியபுராணம் கூறுவது, கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தது. அவர் தந்த தோல் உள்ளே ஒலித்தது. தந்தவர் வெளியே நின்றார்.

தஞ்சை மண்ணின் மிருதங்கத்தில் இந்த உறவு இன்றும் தொடர்கிறது. மிருதங்கத்துக்குப் பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல் வேண்டும். தோலைத் தேர்ந்தெடுத்துப் பதப்படுத்தி, மூட்டு அமைத்து, வார் பிடித்து, நாதம் சேரும்வரை திருத்துவோரில் பெரும்பாலோர் தலித் கிறித்தவக் குடும்பத்தினர். தஞ்சாவூர் செபாஸ்டியன் குடும்பம் அவர்களுள் ஒன்று. அக்குடும்பத்தைச் சேர்ந்த பர்லாந்து, பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து தந்தவர். இந்தக் கைவினைஞர்களின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்டு சன்ஸ்’ என்ற ஆங்கில நூலாக எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டு விழாவுக்குத் தந்திருந்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. விழா வேறிடத்தில் நடந்தது.

கச்சேரி அறிவிப்பில் பாடகர், வயலின் கலைஞர், மிருதங்கக் கலைஞர் ஆகியோரின் பெயர்கள் இடம்பெறும். மிருதங்கம் செய்தவரின் பெயர் இடம்பெறுவதில்லை. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருவி செய்வோரின் ஊரும் உழைப்பும் இப்படி ஏற்பு பெறுவது நல்லதே. தோல் வேலை செய்வோருக்கும் அதே மதிப்பு உரியது.

பறை மேடையேறிய பின்

தஞ்சைப் பகுதியில் தப்பாட்டம் என்றழைக்கப்படும் பறையாட்டம் இன்று அரசு விழாக்களிலும் பயணிகளை வரவேற்கும் நிகழ்ச்சிகளிலும் இடம்பெறுகிறது. மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இவை போராடிப் பெற்ற மாற்றங்கள். சாவு வீட்டில் கட்டாயத்தின்பேரில் பறையடிக்க மறுத்ததற்காகத் தாக்குதலையும் ஊர்விலக்கத்தையும் எதிர்கொண்டவர்கள் உண்டு. அந்த மறுப்பும், பறையை விடுதலையின் இசையாக மீட்டெடுத்த கலைக்குழுக்களின் உழைப்பும் சேர்ந்தே இன்றைய மேடையை உருவாக்கின.

ஆனால் நாட்டியத்துக்கு அரங்கும் பறைக்கு வாசலும் என்ற பிரிவினை இன்னும் நீங்கவில்லை. விருந்தினரை வாசலில் வரவேற்கப் பறை. அவர்கள் அமர்ந்து பார்க்கச் ‘செவ்வியல்’ கலை. கோயில் அமைப்பில் இருந்த உள்–வெளி வரிசையே சுற்றுலா நிகழ்ச்சி நிரலாகவும் தொடர்கிறது.

கடற்கரைத் தேவாலயம்

தரங்கம்பாடியில் பயணிகள் டேனியக் கோட்டையையும், சீகன்பால்கு எழுப்பிய 1718ஆம் ஆண்டின் புதிய எருசலேம் தேவாலயத்தையும் காண்கிறார்கள். அந்தச் சபையில் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கம் இருந்தது. 1733இல் சபையின் முதல் இந்தியப் போதகராக அருட்பொழிவு பெற்றவர் வெள்ளாளரான ஆரோன். பறையர் குடும்பத்தில் பிறந்த உபதேசியார் இராசநாயக்கனுக்கு, அவருடைய தகுதி அறியப்பட்டிருந்தும், சாதியால் அந்த நிலை மறுக்கப்பட்டது. மதம் மாறியும் சாதி மாறவில்லை என்பதற்கு இந்தக் கடற்கரையில் முந்நூறு ஆண்டுச் சான்று உண்டு.

2028க்கு முன் செய்ய வேண்டியவை

மகாமகத்தின்போது நகரின் குப்பையையும் கழிவையும் அகற்றப்போகும் தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் தலித்துகளே. மலக்குழியில் மனிதரை இறக்குவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் திருவிழா நாள்களுக்கு விலக்கு அளிக்கவில்லை. எந்திரம், பாதுகாப்புக் கருவி, தங்குமிடம், உரிய கூலி ஆகியவை திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.

வரலாறு சார்ந்த கோரிக்கைகள் எளியவை. பெரிய கோயிலின் தகவல் பலகையில் பறைச்சேரி, தீண்டாச்சேரி பற்றிய கல்வெட்டுச் செய்தி சேர்க்கப்பட வேண்டும். வழிகாட்டிகளுக்கான பயிற்சியில் கோயில் நுழைவு வரலாறும் கீழ்வெண்மணியும் பாடமாக வேண்டும். அந்தப் பணியில் தலித் இளைஞர்களுக்கு உரிய இடம் வேண்டும். அரசு விழாக்களில் பறைக் கலைஞர்களுக்கு மற்றக் கலைஞர்களுக்கு இணையான ஊதியமும் அரங்கும் தரப்பட வேண்டும். இசை விழா அழைப்பிதழ்களில் கருவி செய்தவரின் பெயரும் அச்சிடப்பட வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய அகழாய்வு தேவையில்லை. சான்றுகள் யாவும் பயணிகள் ஏற்கெனவே நடந்து செல்லும் வழியிலேயே இருக்கின்றன.