தடை தாண்டும் நாய்க்குட்டி
(மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை)

"நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்று நம்மைப் பார்த்தே பல பேர் கேட்டிருக்கிறார்கள். வால் கிடக்கட்டும் நண்பர்களே! அந்த நாயையே 1.7 மீட்டர் உயரப் பலகையில் ஏற்றி இறக்கி, குழாய்க்குள் புகவிட்டு, 12 குச்சிகளுக்கு நடுவே பாம்பாய் வளைந்து ஓடச் செய்கிறார்கள். கழுத்தில் கயிறு இல்லை, கையில் பிரம்பு இல்லை, பிஸ்கட் கூட இல்லை. இதற்கு 'அஜிலிட்டி' போட்டி என்று பெயர்.

இது பிறந்த கதையே சுவையானது. 1978-ல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் நடந்த க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் கூட்டம் கலைந்து போகாமலிருக்க ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. ஜான் வார்லி என்ற குழு உறுப்பினர், குதிரைகள் தடை தாண்டுவதைப் போல நாய்களைத் தாண்ட வைத்தால் என்ன என்று யோசித்தார். பீட்டர் மீன்வெல் என்ற பயிற்சியாளர் அதற்கு உருவம் கொடுத்தார். இடைவேளை நிகழ்ச்சி, மெயின் பிக்சரை விட அதிகம் பேசப்பட்டது! 1980-ல் பிரிட்டனின் கென்னல் கிளப் இதை முறையான போட்டியாக ஏற்றுக்கொண்டது.

போட்டி எப்படி?

சர்வதேச விதிப்படி ஒரு ஓட்டத்தில் 15 முதல் 22 தடைகள் இருக்கும். ஒவ்வொரு தடவையும் வரிசை மாறும். ஓட்டுபவர் மட்டும் முன்னதாக உள்ளே போய் நடந்து பார்க்கலாம்; நாய்க்கு அனுமதி இல்லை. அதாவது நாய்க்கு எல்லாமே 'அவுட் ஆஃப் சிலபஸ்' கேள்விதான்! மனப்பாடம் செல்லாது. கூட ஓடுகிறவரின் குரலையும் உடம்பையும் பார்த்துத்தான் அடுத்த தடை எது என்று அது தெரிந்துகொள்ள வேண்டும். கம்பு விழுந்தால் 5 தப்புப் புள்ளி. தடைக்கு முன்னால் நின்று மறுத்தால் 5. மூன்று தரம் மறுத்தால் ஆட்டம் குளோஸ். தடையை மாற்றித் தாண்டினாலும் வெளியேற வேண்டியதுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இதற்கு ஒரு குட்டியை எப்படித் தயார் செய்வது?

முதல் பாடம்: காத்திரு

நம்ம டிபார்ட்மெண்ட் உதாரணமே சொல்கிறேன். ஸ்லாப் போட்டு அது செட் ஆகுமுன் ஷட்டரிங்கைப் பிரித்தால் என்ன ஆகும்? குட்டியின் கால் எலும்பும் அப்படித்தான். எலும்பின் முனைகளில் வளர்ச்சி நடக்கும் இடம் குருத்தெலும்பாக, மெத்தென்று இருக்கும். அது இறுகப் பெரும்பாலான நாய்களுக்கு ஒரு வருஷம் பிடிக்கும். பெரிய ஜாதி நாய்களுக்கு ஒன்றரை வருஷம் கூட ஆகும். அதற்குள் உயரத் தாண்ட வைத்து அந்த இடம் அடிபட்டால் கால் கோணலாக வளரும், ஆயுசுக்கும் நொண்டும். இதனால்தான் கென்னல் கிளப்பும் சர்வதேசக் கூட்டமைப்பும் 18 மாதம் ஆகாத நாயைப் போட்டியில் விடுவதில்லை. அமெரிக்கன் கென்னல் கிளப் 15 மாதம் என்கிறது. குட்டி துள்ளிக் குதிக்கத் தயாராகத்தான் இருக்கும். அதைத் தடுக்க வேண்டியது நாம்தான்.

அதுவரை சும்மா இருப்பதா? "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" எலும்புக்கு வேலை கொடுக்காமல் மூளைக்கு வேலை கொடுக்க வேண்டும். பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பது, கூப்பிட்டால் வருவது, 'இரு' என்றால் இருப்பது, நம் இடப் பக்கமும் வலப் பக்கமும் சேர்ந்து ஓடுவது. பிறகு ஏணியைத் தரையில் படுக்க வைத்துப் படிகளுக்கு நடுவே நடக்க விடலாம். நாய்க்கு முன்னங்கால் போகுமிடம் தெரியும். பின்னங்கால் பாட்டுக்குப் பின்னால் வரும். தனக்குப் பின்னங்கால் இருப்பதே அப்போதுதான் அதற்கு உறைக்கும். கம்பைத் தரையிலேயே போட்டு ஓடச் செய்வது போதும். குழாயைச் சுருக்கி வைத்து, மறுமுனையில் உட்கார்ந்து கூப்பிட்டால் குஷியாக வந்துவிடும்.

அடியாத மாடு படியாதா?

இந்தப் பழமொழி இங்கே செல்லாது. சரியாகச் செய்த அந்த நொடியிலேயே 'டிக்' என்று ஒரு சத்தம், உடனே ஒரு துண்டு இறைச்சி. இதுதான் முறை. பால் பாயிண்ட் பேனாவின் சத்தமே போதும். சத்தம் தாமதமானால் குட்டி வேறு எதையோ கற்றுக்கொள்ளும்: உட்கார்ந்ததற்குத் தர வேண்டியதை எழுந்த பிறகு தந்தால், எழுந்ததற்குத்தான் பரிசு என்று நினைக்கும். அடித்தால்? அடித்த இடமும் பக்கத்திலிருந்த பலகையும் சேர்ந்தே அதன் மனசில் பயமாகப் பதியும். பயந்த நாய் மெதுவாக ஓடும், அல்லது ஓடவே ஓடாது. ஐந்தே நிமிஷம் பயிற்சி. குட்டி "இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சும்போதே நிறுத்திவிட வேண்டும்.

சீசாவும் குச்சிகளும்

எல்லாத் தடையிலும் நாய் அதிகம் பயப்படுவது சீசாவுக்கு. காலடியில் பலகை சாய்கிறது, கீழே 'டமால்' என்று சத்தம்! நாம் படித்த மொமெண்ட் கணக்குதான் இதிலும். எடை குறைந்த நாய் நடு அச்சைத் தாண்டி அதிக தூரம் போனால்தான் பலகை இறங்கும். ஆகவே சின்ன நாய்க்குப் பொறுமை கூடுதலாக வேண்டும். முதலில் ஒரு பலகைக்கு அடியில் சுருட்டிய துணியை வைத்து ஆட விட்டு, அது ஆடும்போதெல்லாம் பரிசு தர வேண்டும். பிறகு ஒரு செங்கல் உயரம். அப்புறம்தான் நிஜ சீசா.

ஏற்றப் பலகைகளின் அடிப்பகுதியில் வேறு வண்ணம் அடித்திருக்கும். இறங்கும்போது ஒரு பாதமாவது அதில் பட வேண்டும். மேலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொள்ளாமலிருக்கத்தான் இந்த விதி. மாடிப்படியின் கடைசிப் படியிலேயே இதைச் சொல்லிக்கொடுக்கலாம்: பின்னங்கால் இரண்டும் படியில், முன்னங்கால் இரண்டும் தரையில் என்று நின்றால் பரிசு.

குச்சிகள் 60 செ.மீ. இடைவெளியில் நிற்கும். முதல் குச்சி நாயின் இடத் தோளைத் தொட்டாற்போல நுழைய வேண்டும். முதுகெலும்பு முறுக்குகிற வேலை என்பதால் இதைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். குச்சிகளை இரண்டு வரிசையாக விலக்கி வைத்து நடுவே நேராக ஓட விட்டு, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கினால் தானாகவே வளையத் தொடங்கும்.

தப்பு யாருடையது?

நாய் தவறான தடைக்குப் போனால், ஓட்டியவர் கால் விரல் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று பாருங்கள். வாய் ஒன்று சொல்லி, தோள் வேறு சொன்னால் நாய் தோளைத்தான் நம்பும். அதனால் தேர்ந்தவர்கள் முதலில் நாய் இல்லாமல் தாங்கள் மட்டும் ஓடிப் பழகுகிறார்கள்.

ஆட்டு மந்தை மேய்க்கும் பார்டர் காலி நாய்கள்தான் இதில் அதிகம் ஜெயிக்கின்றன. ஆனால் கென்னல் கிளப் போட்டிகளில் கலப்பு நாய்களும் ஓடுகின்றன. ஆகவே ஜாதி பெரிய விஷயமில்லை. கோப்பை கிடைக்கும், போகும். ஒன்றரை வயதில் ஜெயித்து மூன்று வயதில் நொண்டுகிற நாயை விட, பத்து வயதிலும் நம் குரல் கேட்டு ஓடி வருகிற நாய்தான் உண்மையான வெற்றி. லீவில் ஊருக்குப் போனதும் வீட்டு நாய்க்கு முன்னால் ஒரு பலகையைத் தரையில் போட்டுப் பாருங்கள். அடிக்காமல், அவசரப்படாமல் சொல்லிக் கொடுத்தால் யாரும் கற்றுக்கொள்வார்கள். நாம் உட்பட!