காரணம் கூறாத கதை

1997ஆம் ஆண்டு ஹொலிவூட் வெளியிட்ட "தி டெவில்ஸ் ஓன்" என்னும் படத்தில் ஹரிசன் போர்ட், பிராட் பிட் என்னும் இரு பெரும் நட்சத்திரங்கள் ஒருங்கே தோன்றினர். பொழுதுபோக்கை மாத்திரம் நாடுவோர் இதிற் பெருங்குறை காணமாட்டார்கள். அயர்லாந்தின் வரலாற்றைச் சிறிதேனும் அறிந்தவர்களோ மனநிறைவின்றியே எழுந்து செல்வர்.

கதை இதுதான். 1972ஆம் ஆண்டு, இராப்போசன வேளையில் வீட்டினுள் நுழைந்த ஒருவன் தன் தந்தையைச் சுட்டுக் கொல்வதை எட்டு வயதுச் சிறுவன் பிரான்கி நேரிற் காண்கிறான். இருபது ஆண்டுகளின் பின், ஐ.ஆர்.ஏ. இயக்கப் போராளியாக, ஏவுகணைகள் வாங்குவதற்கெனப் பொய்ப்பெயரில் நியூயோர்க் செல்கிறான். உண்மை அறியாது அவனுக்குத் தம் இல்லத்தில் இடமளிப்பவர் ஐரிஷ் வம்சத்தவரான ஒரு பொலிஸ் சார்ஜன்ட்.

அந்த உணவு மேசைக் காட்சி நெஞ்சை உலுக்குகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால், துப்பாக்கி அவ்வீட்டு வாசல்வரை வந்தது எவ்வாறு? வட அயர்லாந்தில் வீடு வழங்குவதிலும் உள்ளூராட்சித் தேர்தலிலும் கத்தோலிக்கருக்குப் பாரபட்சம் காட்டப்பட்டது. 1971 ஆகஸ்டில் விசாரணையின்றிச் சிறையிடும் முறை வந்தது. 1972 ஜனவரி 30இல் டெரி நகரில் ஊர்வலம் சென்ற மக்களுட் பதின்மூவரைப் பிரித்தானியப் படையினர் சுட்டுக் கொன்றனர். அவ்வாண்டு ஜூலை 21இல் ஐ.ஆர்.ஏ. பெல்பாஸ்டில் வைத்த குண்டுகளுக்கு ஒன்பது பேர் பலியாயினர். இவற்றுள் எதனையும் படம் நமக்கு உணர்த்துவதில்லை. பிரித்தானியாவுடன் இணைந்திருக்க விரும்பிய புரட்டஸ்தாந்து மக்களைத் தேடித்தான் பார்க்கவேண்டும். எஞ்சுவது ஒரு மகனின் பழிவாங்கல் மாத்திரமே. அத்தகைய கதையை எந்நாட்டிலும் வைத்து எடுத்துவிடலாம் அன்றோ?

பிற்பகுதியோ பணப்பையும் ஆயுத வியாபாரியுமாய்ச் சாதாரணத் துரத்தற் கதையாகிவிடுகிறது. கதைவசனம் முற்றுப்பெறுமுன்னரே படப்பிடிப்புத் தொடங்கியதென்பர். பிராட் பிட்டே வெளியீட்டுக்கு முன்னர் இதுபற்றிப் பகிரங்கமாகக் குறைகூறினார். ஒன்று மட்டும் உயிருடன் நிற்கிறது: தப்பியோடும் திருடனை முதுகிற் சுட்ட சகாவுக்காகப் பொய் சொல்லிவிட்டு, சார்ஜன்ட் மனம் குமையும் பகுதி. "ஆல் த பிரெசிடென்ற்ஸ் மென்" எடுத்த அலன் பக்குலாவின் கை அங்கே தெரிகிறது. அவரது இறுதிப் படமும் இதுவே.

முடிவில், சார்ஜன்டின் குண்டுக்கு இலக்காகிப் படகில் மடிகிறான் பிரான்கி. படம் வெளிவந்து ஓராண்டின் பின், 1998 ஏப்ரல் 10இல், பெல்பாஸ்டில் சமாதான உடன்படிக்கை எட்டப்பட்டது. அந்தப் பேச்சு மேசையில் அமர்ந்தோருள், ஒருகாலத்தில் ஆயுதமேந்திச் சிறைசென்றவர்களும் இருந்தனர்.